அறுநூறு வாட்

உக்காருங்க, உக்காருங்க. பையை நான் மடியில வெச்சுக்கறேன். ராசிபுரமா? நானும் அங்கதான். டிரைவர் டீ குடிக்கப் போயிருக்கார், வண்டி எடுக்க நேரமாகும்.

ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. அறுநூறு பெருசா, ஐநூத்தம்பது பெருசா? சும்மா சொல்லுங்க. அறுநூறுதானே? அதைத்தாங்க நானும் சொன்னேன். இப்பத்தான் நுகர்வோர் கோர்ட்டுல சொல்லிட்டு வர்றேன். அங்க தலைவரா உக்காந்திருக்கற அம்மா கண்ணாடியைக் கழட்டி வெச்சுட்டு, "ஐயா, விஷயம் அது இல்லை"ங்கறாங்க. பின்ன எதுங்க விஷயம்? கேஸ் போட்டவன் நான். கேஸைத் தள்ளிட்டாங்க.

வேர்வை இல்லைங்க இது. கோபம்.

எம் பேரு ஞானசேகரன். ஈ.பி.ல போர்மேனா இருந்து ரிட்டையர் ஆனவன். கம்பத்துல ஏறி ஆரம்பிச்ச ஆளு நான், புஸ்தகம் படிச்சு வந்தவன் இல்லை. கரண்டு என்னை ரெண்டு தடவை தூக்கிப் போட்டிருக்கு. ஒரு அரிசி மில்லுக்காரன், பெரிய கை, ஃபியூஸ் அடிக்கடி போகுதுன்னு மொத்தமா ஒரு கம்பியை முறுக்கி வெச்சுட்டான். நான் போய்ப் பாத்தேன். லைனைக் கட் பண்ணிட்டு அவன் ஆளுங்க முன்னாடியே கேட்டேன். ஏய்யா, தாங்காதப்போ அது அறுந்து விழணும், அதுக்குத்தான் அது இருக்குது, அது அறுந்து விழலைன்னா உன் மில்லு எரியும், காசை மிச்சம் பண்ற இடமாய்யா இதுன்னு. மூஞ்சி செத்துப்போச்சு அவனுக்கு. மந்திரி வரைக்கும் போறேன்னான். போடான்னேன். அப்படிப்பட்ட எனக்குத்தான் இன்னிக்கு பவர் சப்ளைன்னா என்னன்னு பாடம் எடுக்கறாங்க.

பவர் சப்ளை தெரியுமில்லைங்க? கம்ப்யூட்டர் பெட்டிக்குள்ள, பின்னாடி ஒரு இரும்பு டப்பா இருக்கும், ஃபேன் சுத்தும். சுவத்துலேர்ந்து வர்ற கரண்டை வாங்கி உள்ள இருக்கற ஒவ்வொண்ணுக்கும் பிரிச்சுக் குடுக்கும். அவ்வளவுதான் அதோட வேலை. ஒரு டப்பா. இதோ, இந்தப் பைக்குள்ள இருக்கு. சாட்சிக்குன்னு கொண்டுபோனேன், ஓரமா வைங்கன்னுட்டாங்க.

எனக்கு ஒரே பொண்ணு, தாரணி. பி.காம் முடிச்சுட்டு ஆடிட்டர் ஆபீஸ்ல வேலை பாக்குது. வேலை முடிஞ்சு வந்தா கம்ப்யூட்டர்ல விளையாட்டு. கேரம்போர்டு ஆடறமாதிரி இல்லைங்க இது. அஞ்சு பொண்ணுங்க ஒரு அணி. ஒருத்தி எர்ணாகுளத்துல, ஒருத்தி நாக்பூர்ல, இன்னும் எங்கெங்கயோ. அவங்கவங்க வீட்டுல உக்காந்துக்கிட்டு காதுல மாட்டிக்கிட்டு, இன்னொரு அஞ்சு பேரோட துப்பாக்கிச் சண்டை. சோறு ஆறிப்போகும். அவ அம்மா கூப்பிட்டுக்கிட்டே இருப்பா. இது, "பின்னாடி வர்றான், மாடியில நிக்கறான்"னு இங்கிலீஷ்ல சொல்லிக்கிட்டே இருக்கும். அதட்டாது. அமைதியா சொல்லும். அந்த அஞ்சு பேருக்கும் இதுதான் தலைவி.

நானும் முதல்ல திட்டினேன். அப்புறம் பாத்தா, ஐதராபாத்துல ஒரு கம்பெனி பொண்ணுங்க அணி ஒண்ணு எடுக்குதாம். பெரிய போட்டி வெச்சு, கடைசி ஆட்டத்துலேர்ந்து ஆளு எடுப்பாங்களாம். சம்பளம், தங்க இடம், எல்லாம். விளையாடறதுக்குச் சம்பளமான்னு சிரிச்சேன். எங்க பழைய என்ஜினியர் ஒருத்தர்கிட்ட அந்தக் கம்பெனி இவளுக்கு அனுப்பின மெயிலைக் காட்டினேன். நிஜம்தான் சேகர், உம் பொண்ணு கெட்டிக்காரின்னார். அன்னிலேர்ந்து நான் ஒரு வார்த்தை சொன்னதில்லைங்க. வர்றவங்க போறவங்ககிட்ட நானே சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்.

பழைய லேப்டாப்புல அந்த ஆட்டம் திக்குது. புதுசா ஒரு மெஷின் கட்டணும்னா. அவ சேத்து வெச்ச காசு, கொஞ்சந்தான். அதுக்குள்ள அடக்கணும். நல்லா யோசிச்சுத்தான் பண்ணினா, இல்லைங்கல. பிராசஸர் போன வருஷத்து மாடல் போதும்னா. டிவி மாதிரி இருக்குமே, அந்த மானிட்டர், ஆடிட்டர் ஆபீஸ்ல கழிச்சுப் போட்டதைக் கேட்டு வாங்கினா. படம் காட்டறதுக்கு கிராபிக்ஸ் கார்டுன்னு ஒண்ணு, அதுதான் விலை ஜாஸ்தி, அது செகண்ட் ஹேண்ட். எர்ணாகுளத்துல ஜெஸ்லின்னு சொன்னேனே, சொல்லலையா, அணியில ஒருத்தி, இவளுக்கு உயிர் சிநேகிதி, அவ அண்ணன் வெச்சிருந்தது. எல்லாத்துலயும் இறங்கி வந்தவ ஒண்ணுல மட்டும் நின்னுட்டா. பவர் சப்ளை.

தோசை தின்னுக்கிட்டே சொல்றா, "அப்பா, வாங்கற பெட்டியோடவே ஒரு சப்ளை ஓசியா தருவாங்க. அது மட்டும் வேண்டாம்."

"ஏன், அது கரண்டு குடுக்காதா?"

"குடுக்கும். ஆனா அது மேல எழுதியிருக்கறதை நம்ப முடியாதுப்பா."

"எழுதியிருக்கறதை நம்பாம வேற எதைச் சாமி நம்பறது?"

"இந்த கார்டு விளையாடறப்ப ஒரே மாதிரி இழுக்காது. கண்ணிமைக்கற நேரத்துக்கு ரெண்டு மடங்கு இழுக்கும். அதைத் தாங்கணும். தாங்க முடியலைன்னா தானா அணைஞ்சு மத்ததைக் காப்பாத்தணும். ரொம்பப் பெருசெல்லாம் வேண்டாம், ஆயிரம் வாட் எல்லாம் தண்டம். கார்டுக்கு இவ்வளவு, பிராசஸருக்கு இவ்வளவு, மேல கொஞ்சம் இடம். நல்லதா ஐநூத்தம்பது வாட் போதும்."

எனக்கு உள்ள சுருக்குன்னு இருந்துச்சுங்க. கரண்டு எப்படி இழுக்கும்னு எனக்குச் சொல்றா. அந்த ஒத்தை டப்பா விலைக்கு ஒரு நல்ல மிக்ஸி வாங்கிடலாம்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி மணிமாறன்னு ஒரு பையன் கம்ப்யூட்டர் கடை வெச்சிருக்கான். அங்கதான் எல்லாம் சொல்லி, பணம் கட்டி வெச்சிருந்தா. அவளுக்கு ஆடிட் நேரம், லீவு இல்லை. "அப்பா, கடையில மாட்டி வெச்சிருப்பாங்க, போய் எடுத்துட்டு வந்துடறீங்களா"ன்னா. போனேன். இன்னும் மாட்டலை, அப்பத்தான் ஆரம்பிக்கறான். மேசை மேல அவ சொன்ன சப்ளை அட்டைப்பெட்டியோட இருக்கு. பக்கத்துல பெட்டியோட வந்த ஓசி சப்ளை. திருப்பிப் பாத்தேன். அறுநூறு வாட்டுன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு.

உங்களைத்தான் கேக்கறேன். அறுநூறு ஓசியா இருக்கறப்போ ஐநூத்தம்பதுக்கு எவனாச்சும் காசு குடுப்பானா?

இதை மாட்டு, அதைத் திருப்பி எடுத்துக்கோன்னேன். அவன், "சார், இது டைப் அடிக்கற மெஷினுக்குப் போடறது. கேம் மெஷினுக்கு வேண்டாம் சார். தாரணி மேடம் தெளிவா சொல்லியிருக்காங்க"ங்கறான். மேடத்தோட அப்பன் நான்டான்னேன். மேடத்துக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுடறேன்னு போனை எடுத்தான். போடு, போட்டீன்னா எல்லாத்தையும் ரத்து பண்ணிட்டுப் போறேன், வேற கடை இல்லையான்னேன். போனைக் கீழ வெச்சுட்டான். இதைத்தான் இன்னிக்கு கோர்ட்டுல, சார் மிரட்டினார்ங்கறான். மிரட்டறதுன்னா என்னன்னு தெரியுமா அவனுக்கு?

அந்தக் காசை நான் ஒண்ணும் சட்டைப்பையில போட்டுக்கலை. அதுக்கு வெளிச்சம் வர்ற கீபோர்டு ஒண்ணு வாங்கினேன். தட்டத் தட்டக் கலர் கலரா ஓடும். அவ ஒரு தடவை போன்ல அதையே பாத்துக்கிட்டிருந்தா, அப்புறம் விலையைப் பாத்துட்டு மூடி வெச்சுட்டா. நான் கவனிச்சேன். அப்பன்னா கவனிப்பான்ல?

வீட்டுக்குக் கொண்டாந்து வெச்சேன். கீபோர்டைப் பாத்ததும் புள்ள முகம் அப்படியே மலர்ந்துபோச்சுங்க. ஏதுப்பா இதுன்னா. அப்பா குடுக்கறேன், விளையாடுன்னேன். கையைப் புடிச்சுக்கிட்டா. அப்புறம் கேட்டா, "சப்ளை நான் சொன்னதுதானேப்பா?"

"சப்ளை போட்டிருக்கு"ன்னேன்.

பொய்யா இது? போட்டிருந்துச்சா இல்லையா? ஒரு தடவை தொறந்து பாக்கறேன்னா. சீல் ஒட்டியிருக்கான், பிரிச்சா வாரண்டி போயிடும்னேன். அதுவும் பொய் இல்லை. சீல் ஒட்டச் சொன்னதே நான்தான்.

நல்லாத்தாங்க ஓடுச்சு. படம் பாத்தா ஓடும், கணக்கு வேலை பாத்தா ஓடும். அந்த ஆட்டம் உச்சத்துக்குப் போறப்போ மட்டும் டப்புன்னு அணைஞ்சுடும். திரும்பப் போட்டா வரும். மறுபடி அணையும். அவளுக்குத் தூக்கமே போச்சு. சூடு ஏறுதோன்னு மேசை ஃபேனைத் திருப்பி வெச்சா. அப்புறம், "வீட்டு வயரிங் சரியில்லையோப்பா"ன்னு கேட்டா பாருங்க, எனக்கு வந்துச்சு கோபம். நான் நின்னு இழுத்த வயரிங் அது. அவ ரூமுக்குத் தனி எர்த், தனி டிரிப்பர், எல்லாம் அன்னிக்கே போட்டவன். அவ சொன்னதுக்காக ஸ்டெபிலைசர் வேற வாங்கிப் போட்டேன். ஒண்ணும் சரியாகலை.

கடைசியில கார்டு மேல சந்தேகம் போச்சு. செகண்ட் ஹேண்டுன்னா அப்படித்தான், யார் தலையிலயாவது கட்டத்தானே பாப்பாங்கன்னு நானும் சொன்னேன். ஜெஸ்லினுக்கு போன் போட்டா. முதல்ல நல்லாத்தான் பேசினாங்க. அப்புறம் சத்தம் ஜாஸ்தியாச்சு. "உங்க அண்ணனுக்குத் தெரியாமயா இருந்திருக்கும்"னு இவ இங்கிலீஷ்ல கேட்டது எனக்கே விளங்குச்சு. அந்தப் பொண்ணு அழுதுடுச்சு. இவ அழல. போனை வெச்சுட்டுச் சுவத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தா. அதுக்கப்புறம் ரெண்டு பேரும் ஆட்டத்துக்குள்ள மட்டுந்தான் பேச்சு. வலது பக்கம் பாரு, இடது பக்கம் பாரு, அவ்வளவு.

உனக்கு அந்த டப்பா ஞாபகம் வரலையான்னு பாக்கறீங்க. அந்தப் பார்வை எனக்குத் தெரியுங்க, என் சம்சாரம் பாப்பா அப்படி. வசந்தின்னு பேரு. அவளுக்கு மட்டும் சொல்லியிருந்தேன். ஒரு நாள் தேங்காய் துருவிக்கிட்டே மெதுவா கேட்டா, "ஏங்க, கடையில என்னமோ மாத்தினீங்களே, அதா இருக்குமோ?" உனக்கு என்னடி தெரியும் வாட்டைப் பத்தின்னேன். அவ மறுபடி துருவ ஆரம்பிச்சுட்டா. "புள்ளைகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்களேன்"னா. என்னத்தைச் சொல்றது? ஜாஸ்தியாப் போட்டிருக்கேன்னா? குறைச்சலாப் போட்டிருந்தாத்தானே சொல்லணும்.

கடைசி ஆட்டம் ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம். நானும் வசந்தியும் பின்னாடி கட்டில்ல உக்காந்து பாத்தோம். எனக்கு ஆட்டம் விளங்காது, ஆனா புள்ள முதுகைப் பாத்தே தெரிஞ்சுக்கலாம், ஜெயிக்கறாளா தோக்கறாளான்னு. ஜெயிச்சுக்கிட்டிருந்தா. அவளும் அந்த ஜெஸ்லினும் சண்டையை மறந்துட்டாங்க. ஜெஸ், ஜெஸ்னு இவ கூப்பிட, அந்தப் பக்கத்துலேர்ந்து சிரிப்பு சத்தம் எனக்கே கேக்குது. இன்னும் கொஞ்சந்தான். அணைஞ்சுடக் கூடாதேன்னு நான் கும்பிட்டுக்கிட்டிருந்தேன்.

அணையலைங்க. வெடிச்சுச்சு. பட்டாசு மாதிரி ஒரு சத்தம், பெட்டிக்குப் பின்னாடி ஒரு பொறி, அப்புறம் கருகின வாடை. ரூம்ல டிரிப்பர் விழுந்து எல்லாம் நின்னுபோச்சு. பாத்தீங்களா, நான் போட்ட டிரிப்பர் அந்த நேரத்துல வேலை செஞ்சுச்சு. இல்லைன்னா வீடு என்னாகியிருக்கும்? அதை ஒருத்தரும் சொல்ல மாட்டேங்கறாங்க.

புள்ள அப்படியே உக்காந்திருந்தா. காதுல மாட்டினதைக் கழட்டலை. அதுல ஒரு சத்தமும் வராது, ஆனாலும் கழட்டலை. அங்க அந்த நாலு பேரும் இவ இல்லாம ஆடி, தோத்துட்டாங்க.

அப்புறம் எந்திரிச்சுப் போய் ஸ்குரு டிரைவர் எடுத்துட்டு வந்தா. என்னுதுதான், ஈ.பி.ல குடுத்தது. சீலைக் கிழிச்சா. வாரண்டி போயிடும்மான்னு சொல்ல வந்தேன். உள்ள கையை விட்டு அந்த டப்பாவைக் கழட்டி எடுத்தா. பாத்தா. உள்ளங்கையில வெச்சு ரெண்டு தடவை தூக்கித் தூக்கிப் பாத்தா, கத்தரிக்காய் எடை பாக்கற மாதிரி.

"இவ்ளோ லேசா இருக்குப்பா"ன்னா.

அவ்வளவுதாங்க. அதுக்கப்புறம் என்கிட்ட ஒரு வார்த்தை இல்லை. திட்டியிருக்கலாம். கத்தியிருக்கலாம், நானும் கத்தியிருப்பேன், ரெண்டு நாள்ல தீர்ந்திருக்கும். எங்க வீட்டுல அப்படித்தான் வழக்கம். இது என்ன புதுசா? என் முன்னாடியே ஜெஸ்லினுக்கு போன் போட்டா. கார்டு நல்ல கார்டு, உங்க அண்ணன்கிட்ட நான் மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லு, எங்க அப்பா சப்ளையை மாத்திட்டார், எனக்குத் தெரியாதுன்னு சொன்னா. அப்பத்தான் அழுதா. வீட்டு விஷயத்தை அசலூர்க்காரிகிட்ட சொல்லி அழறா, பக்கத்துல நிக்கற அப்பன்கிட்ட அழலை. அந்த வெடியில கார்டும் செத்துச்சு, மதர்போர்டும் செத்துச்சு. ஐதராபாத்காரங்க ஜெஸ்லினை எடுத்துக்கிட்டாங்க. இவளுக்கு பதிலே வரலை.

எனக்குப் பொறுக்கலைங்க. அறுநூறுன்னு பொய் எழுதி ஒருத்தன் விக்கறான், அதைக் கடையில வெச்சு ஒருத்தன் குடுக்கறான், எம் புள்ள வாழ்க்கை போச்சு. விடலாமா? கேஸ் போட்டேன். வேண்டாம்ப்பான்னா. இல்லை, அதைக்கூட அவ அம்மாகிட்டத்தான் சொல்லியனுப்பினா. பில் அவ பேர்ல இருக்கறதால அவளும் வரணும்னாங்க. சரி, அங்க வந்தா அப்பன் பக்கம் நிப்பான்னு நினைச்சேன்.

நின்னா. கோர்ட்டுல அந்தத் தலைவரம்மா கேக்கறாங்க, கடைக்காரர் எச்சரிக்கை பண்ணினாரா இல்லையான்னு. இவ சொல்றா, "எனக்கு அன்னிக்குத் தெரியாது. அப்புறம் கடையில போய் விசாரிச்சேன். வேண்டாம்னுதான் சொல்லியிருக்கார். அப்பாதான் மாத்தச் சொன்னார். கடைக்காரர் மேல தப்பு இல்லைங்க." அந்தம்மா இவகிட்ட, "உங்க அப்பா உங்களுக்காகத்தானேம்மா வந்திருக்கார்"னாங்க. "ஆமாங்க, எனக்கு நல்லது பண்றதா நினைச்சுத்தான் பண்ணினார்"னா. நினைச்சுத்தான். அந்த வார்த்தையைக் கேட்டீங்களா? இதைவிட ரெண்டு அடி அடிச்சிருக்கலாம்.

அந்தப் பையன் இருக்கானே, மணிமாறன், வெளியில வந்து என்னைக் கும்பிடறான். நான் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டேன். இன்னொண்ணு கேளுங்க. இப்ப சாயங்காலமானா எம் பொண்ணு அவன் கடையிலதான். மெஷின் மாட்டிக் குடுக்கறா. வர்ற ஆளுங்க எல்லாம் அந்தப் பொண்ணைக் கேட்டு வாங்கறோம்னு நிக்கறாங்களாம். ஒரு நாள் அந்தப் பக்கமாப் போனேன், தற்செயலாத்தான். ஒரு அப்பனும் பையனும் நிக்கறாங்க. அந்தாளு பெட்டியோட வர்றதே போதும்மாங்கறான். எம் புள்ள பொறுமையா, "இல்லைங்க சார், உக்காருங்க, சொல்றேன்"னு ஸ்டூலை இழுத்துப் போடறா. யாரோ ஒருத்தனுக்கு ஸ்டூல். நான் ரோட்டுல நிக்கறேன், என்னைப் பாக்கலை. பாத்திருந்தாலும் நான் உள்ள போயிருக்க மாட்டேன்.

வண்டி எடுத்துட்டான். இருங்க, கண்டக்டர் வர்றார். ராசிபுரம் ஒண்ணு குடுங்க. என்னது? எடுத்தாச்சா? யார் எடுத்தது? கருப்புப் பை வெச்சிருக்கறவருக்குன்னு சொல்லி முன்னாடி அந்தப் பொண்ணு சேத்து எடுத்துடுச்சா?

பாருங்க திமிரை. டிக்கெட் எடுக்கத் தெரியுது, திரும்பி ஒரு வார்த்தை பேசத் தெரியலை. ஆமாங்க, அவதான். டிரைவருக்குப் பின்னாடி மூணாவது சீட்டு, பச்சைத் துப்பட்டா. ஒரே கோர்ட்டுக்கு வந்தோம், ஒரே வண்டியில போறோம். ஸ்டாப்புல நான் இந்தக் கடைசியில நின்னேன், அவ அந்தக் கடைசியில நின்னா. நானாப் போய்ப் பேசணுமா? எதுக்குங்க? என்ன சொல்லிப் பேசறது? நீங்களே சொல்லுங்க, அறுநூறு...

விடுங்க. நீங்களும் எத்தனை தடவை கேப்பீங்க.

ஏனுங்க, முன்னாடி பாருங்க, இடது பக்கம் ரெண்டு சீட்டு காலியா இருக்கு. வண்டி மேம்பாலம் தாண்டித் திரும்பிடுச்சுன்னா அவ உக்காந்திருக்கற பக்கம் முழுக்க வெயில். ராசிபுரம் வரைக்கும் மூஞ்சியிலயே அடிக்கும். அவளுக்கு வெயில் ஆகாது, உடனே ஒரு பக்கம் தலையை வலிக்கும், வாந்தி வரும். நீங்க கொஞ்சம் எந்திரிச்சுப் போய், இந்தப் பக்கம் வந்து உக்காரும்மான்னு சொல்றீங்களா? பெரியவங்க, நீங்க சொன்னா கேப்பா.

நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க. சொன்னா நகர மாட்டா.